எருவிலிருந்து சுத்தமான உயிர்க்கரி: உலைக்கு முன்பே முடிவாகும் தரம்

கேள்வி இது: மாடு, பன்றி, கோழிப் பண்ணைகளில் சேரும் எருவைக் காற்றில்லாமல் சுட்டு, மண்ணில் இடும் உயிர்க்கரியாக மாற்றினால் சாம்பல் மிகுந்ததாக, உப்புக் கரிப்பதாக, சில நேரம் தார் நாற்றம் அடிப்பதாகக் கரி வருகிறது. மரக்கரிக்கு இணையான தூய்மையும் தரமும் அதற்கு வர என்ன செய்ய வேண்டும்? எந்த வெப்பநிலையில் சுட வேண்டும்?

வெப்பநிலைக்கு ஓர் எண் கேட்டால் சொல்லிவிடலாம்: பெரும்பாலான எருவுக்கு 500 முதல் 600 டிகிரி செல்சியஸ். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நல்ல கரி எடுக்க முடியாது. எருக்கரியின் தரத்தில் பெரும்பங்கு தீவனத் தொட்டியிலும் தொழுவத்தின் தரையிலும் உலர்களத்திலும் முடிவாகிவிடுகிறது. உலையை வாங்கிய பிறகு எருவைப் பற்றி யோசிப்பவர்கள்தான் அதிகம். குறைபாடுகளில் பாதி அங்கிருந்தே வருகின்றன.

முதலில் 'மரக்கரிக்கு இணையாக' என்ற எதிர்பார்ப்பைக் கைவிட வேண்டும். மரத்தில் சாம்பல் பொதுவாக 1 அல்லது 2 விழுக்காடுதான். உலர்ந்த எருவில் 20 விழுக்காடு சாம்பல் இருப்பது சாதாரணம்; முட்டைக்கோழி எருவில் தீவனத்தின் சுண்ணாம்பும் சேர்ந்து இன்னும் கூடும். காற்றில்லாமல் சுடும் இந்த வெப்பச்சிதைவில் ஆவியாகிப் போவது கரிமப் பொருள் மட்டுமே. சாம்பல் ஏறக்குறைய முழுவதும் தங்கிவிடுகிறது. 100 கிலோ உலர் எருவில் 20 கிலோ சாம்பல் இருந்து, 45 கிலோ கரி கிடைத்தால், அந்தக் கரியில் 44 விழுக்காடு சாம்பல். தொழுவத்தைச் சுரண்டும்போது கூடவே 8 கிலோ மண்ணும் மணலும் வந்திருந்தால் 53 கிலோ கரியில் 28 கிலோ, அதாவது பாதிக்கு மேல் சாம்பலாகிவிடும். உலையை எப்படி இயக்கினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

அதனால் தரம் என்றால் எதற்கான தரம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. பன்னாட்டு உயிர்க்கரி முன்முயற்சி என்ற அமைப்பின் தரநிலை கரிம கார்பன் அளவை வைத்துக் கரியை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறது: 60 விழுக்காட்டுக்கு மேல், 30 முதல் 60 வரை, 10 முதல் 30 வரை. எருக்கரி பெரும்பாலும் இரண்டாம் வகுப்பில் நிற்கும், மணல் கலந்தது மூன்றாவதில் விழும். இதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எருக்கரியின் சாம்பலில் மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), சுண்ணாம்பு, மெக்னீசியம் எல்லாம் இருக்கின்றன. மரக்கரியில் இவை சொற்பம். கார்பனை நெடுங்காலம் மண்ணில் பூட்டி வைப்பதுதான் நோக்கம் என்றால் மரக்கழிவு சிறந்தது. மணிச்சத்தை நோய்க்கிருமி, மருந்து எச்சம், நாற்றம் ஆகியவை இல்லாமல், எளிதில் எடுத்துச் செல்லும் வடிவத்தில் பெறுவதுதான் நோக்கம் என்றால் எருக்கரிக்கு நிகரில்லை. எருவின் சாம்பலில் உள்ள நல்லதைக் காத்துக்கொண்டு மணல், குளோரின், கன உலோகம் ஆகியவற்றை வெளியே நிறுத்துவதே உண்மையான வேலை.

கன உலோகத்திலிருந்து தொடங்கலாம். இங்கேதான் உலை முற்றிலும் கையறு நிலையில் இருக்கிறது. வளர்ச்சிக்காகவும் குடல் நோயைத் தடுக்கவும் பன்றி, கோழித் தீவனத்தில் தாமிரமும் துத்தநாகமும் சேர்க்கப்படுகின்றன. விலங்கு அவற்றில் சிறிதளவே உறிஞ்சுகிறது. பெரும்பகுதி எருவில் வந்துவிடுகிறது. வெப்பச்சிதைவு அவற்றை அழிக்காது. எருவின் எடை பாதிக்கும் கீழே போவதால் கிலோவுக்கான செறிவு இரு மடங்குக்கு மேல் கூடிவிடும். உலர் எருவில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் துத்தநாகம் இருந்தால், மேலே சொன்ன அதே கணக்கில் கரியில் அது 900-ஐ நெருங்கும். ஐரோப்பிய உயிர்க்கரிச் சான்றிதழின் வேளாண் தரம் துத்தநாகத்துக்கு 400, தாமிரத்துக்கு 100 மில்லிகிராம்தான் அனுமதிக்கிறது. கரியில் இந்த உலோகங்கள் பாஸ்பேட்டுடனும் கார்பனேட்டுடனும் பிணைந்து, எருவில் இருந்ததைவிடக் குறைவாகவே நீரில் கரைகின்றன என்பது உண்மை. ஆனால் மொத்த அளவு மண்ணில் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும். பாதரசம் ஆவியாகிவிடும், காட்மியமும் ஆர்செனிக்கும் வெப்பநிலையைப் பொறுத்து ஒரு பகுதி ஆவியாகும். அவை மாயமாகிவிடுவதில்லை, புகைவழியில் போய் உட்காருகின்றன.

எனவே தீர்வு தீவனத்தில்தான். குட்டிப் பன்றிகளுக்கு மருந்தளவில் துத்தநாக ஆக்சைடு கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் நிறுத்தியது. அமெரிக்காவில் கோழித் தீவனத்தில் இருந்த ஆர்செனிக் சேர்மங்களில் மூன்றின் அனுமதி 2013-இல் விலக்கப்பட்டது, கடைசியாக எஞ்சிய நைட்டார்சோன் 2015-இல் போனது. இப்படிப்பட்ட மாற்றம் ஒன்று கரியின் உலோகச் செறிவைக் குறைக்கும் அளவுக்கு எந்த உலைத் தொழில்நுட்பமும் குறைக்காது. தீவனத்தின் தாது உப்புக் கலவையில் தேவைக்கு மேல் என்ன இருக்கிறது என்று கால்நடை மருத்துவரிடமோ தீவன வல்லுநரிடமோ கேட்பதுதான் கரி தயாரிப்பின் முதல் படி.

தரை விஷயம் எளிது, ஆனால் அலட்சியப்படுத்தப்படுவது. மணல் படுக்கை போட்ட மாட்டுத் தொழுவத்தின் எருவைக் கரியாக்க முயலவே கூடாது என்பேன். வைக்கோல், மரத்தூள், உமி போன்ற கூளம் இருந்தால் அதுவே கார்பனைக் கூட்டித் தரும். ஆழ்கூளக் கோழி எரு எருக்கரிக்குச் சாதகமான மூலப்பொருளாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உமியில் சிலிக்கா மிகுதி என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். மண் தரையில் உலர்த்தாமல் சிமெண்ட் களத்தில் உலர்த்த வேண்டும். கட்டுக் கயிறு, தீவனப் பை, ஊசிக்குழல், காதுப்பட்டை முதலிய பிளாஸ்டிக் துண்டுகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். பிவிசி துண்டு ஒன்று உள்ளே போனால் கூடவே குளோரினும் போகிறது.

இனி நீர். எருக்கரித் திட்டங்கள் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான், ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2.26 மெகாஜூல் வெப்பம் வேண்டும். நீரைச் சூடேற்றுவதையும் உலர்த்தியின் இழப்பையும் சேர்த்தால் நடைமுறையில் 3 மெகாஜூல் என்று வைத்துக்கொள்ளலாம். சாணம் 80 விழுக்காடு ஈரத்தோடு இருந்தால், அதை 15 விழுக்காட்டுக்குக் கொண்டுவர ஒரு கிலோ உலர் பொருளுக்கு 3.8 கிலோ நீரை ஓட்ட வேண்டும். அதற்கு 11 மெகாஜூலுக்கு மேல் ஆகும். ஒரு கிலோ உலர் எருவின் மொத்த எரிமதிப்போ ஏறத்தாழ 15 மெகாஜூல். அதில் பாதி கரியோடு தங்கிவிடுகிறது. வெளிவரும் வாயுவை எரித்துக் கிடைப்பது 7 மெகாஜூல் அளவில்தான். வரவு 7, செலவு 11. வெளியிலிருந்து எரிபொருள் கொண்டுவந்து எரித்துத்தான் இந்தக் கரி பிறக்கும்; அப்புறம் அதைச் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

அதே எருவைப் பிழிந்து 65 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால் ஓட்ட வேண்டிய நீர் 1.7 கிலோவாகக் குறைகிறது. செலவு 5 மெகாஜூல். இப்போது கணக்கு வரவில் நிற்கிறது. பிழிவதற்கு ஆகும் மின்சாரம் ஆவியாக்குவதோடு ஒப்பிட்டால் அற்பம். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. திருகு அழுத்தியில் பிழியும்போது வெளியேறும் நீரோடு கரைந்த உப்புகளும் போகின்றன: அம்மோனியம், பொட்டாசியம், சோடியம், குளோரைடு. கரியில் உப்பும் குளோரினும் குறைவதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது. அந்த நீர் வீணுமல்ல. பயிர் உடனடியாக எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல் சத்தும் அதில்தான் இருக்கின்றன, பக்கத்து வயலுக்கே விடலாம். உலைக்குள் போனால் வீணாகியிருக்கக்கூடிய தழைச்சத்து இப்படித் தப்புகிறது.

பன்றிப் பண்ணைக் கழிவு 90 விழுக்காட்டுக்கு மேல் நீர். அதன் நுண்திடப் பொருளைப் பிடிக்க மையவிலக்கு இயந்திரம் வேண்டும். அது மணிச்சத்தை நன்றாகப் பிடிக்கும். நுண்துகளோடு ஒட்டியிருக்கும் தாமிரத்தையும் துத்தநாகத்தையும் சேர்த்தே பிடிக்கும். தீவனத்தைச் சரிசெய்யாமல் பிரிப்பு இயந்திரத்தை மேம்படுத்தினால் கரி மோசமாகும் என்ற விசித்திரம் இதனால் வருகிறது.

சாண எரிவாயுக் கலன் இருந்தால், முதலில் எருவை அதற்குள் விடுவதே என் விருப்பத் தேர்வு. எளிதில் செரிக்கும் பகுதி மீத்தேனாக வந்துவிடும். செரிக்காத லிக்னின் நார் மிஞ்சும். கரிக்கு வேண்டியதும் அந்த நார்தான். எரிவாயு இயந்திரத்தின் கழிவு வெப்பத்தை உலர்த்தலுக்குத் திருப்பலாம். கலன் இல்லாதவர்கள் குவியலைக் காற்றோட்டத்துடன் வைத்து, நுண்ணுயிர் எழுப்பும் சூட்டிலேயே ஈரத்தைக் குறைக்கலாம். அதில் கொஞ்சம் கார்பன் இழப்பு உண்டு. குவியலை நெடுநாள் மறந்துவிட்டால் கரியாக வேண்டியது மட்கிப்போய்ச் சாம்பல் விகிதம் ஏறிவிடும்.

உலர்ந்த எருவைத் தூளாக உலைக்குள் கொட்டக் கூடாது. தூள் பறந்து வாயுவோடு போய்த் தாருடன் ஒட்டிக் குழாயை அடைக்கும். கட்டிகளோ வெளியே கரியாகி உள்ளே வேகாமல் நிற்கும். ஒரே அளவிலான குருணையாக அழுத்தினால் எல்லாம் ஒரே சீராகச் சுடும். சாணத்தின் நாரே பிணைப்பாக இருப்பதால் பெரும்பாலும் வேறு பசை வேண்டாம்.

வெப்பநிலைக்கு வருகிறேன். 2012-இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் பால் மாடு, இறைச்சி மாடு, கோழி, வான்கோழி, பன்றி ஆகியவற்றின் எருவை 350, 700 டிகிரிகளில் கரியாக்கி ஒப்பிட்டார்கள். அதில் பால் மாட்டு எருக்கரியில் கார்பன் அதிகம், சாம்பலும் தழைச்சத்தும் கந்தகமும் குறைவு. எல்லா எருவுக்கும் ஒரே செய்முறை எழுத முடியாது என்பதற்கு இது போதும். பொதுப்போக்கு இப்படி: வெப்பம் கூடக் கூடக் கரியின் அளவும் தழைச்சத்தும் குறையும், காரத்தன்மையும் சாம்பலும் நுண்துளைகளும் கூடும், எஞ்சும் கார்பன் மேலும் உறுதியாகும். உறுதியை அளக்க ஹைட்ரஜனுக்கும் கரிம கார்பனுக்கும் உள்ள அணு விகிதத்தைப் பார்க்கிறார்கள். தரநிலைகளின் மேல்வரம்பு 0.7, 0.4-க்குக் கீழே வந்தால் கார்பன் மண்ணில் நூற்றாண்டுகள் தங்கும் என்று எதிர்பார்க்கலாம். 350 டிகிரியில் சுட்டது பெரும்பாலும் 0.7 வரம்பிலேயே தடுமாறும். 500-ஐத் தாண்டினால் பாதுகாப்பான பக்கம் வந்துவிடலாம். மறுபக்கம், 700, 800 டிகிரிக்குப் போனால் பொட்டாசியமும் சிலிக்காவும் சேர்ந்து உருகிக் கட்டியாகி உலையில் ஒட்டும், மணிச்சத்தும் பயிருக்கு இன்னும் மெதுவாகவே கிடைக்கும். 500 முதல் 600 என்ற எண் இந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையில் கிடைத்த சமரசம். அந்த வெப்பத்தில் குருணையின் மையப்பகுதியும் நன்றாக வேகும்வரை, சிறு உலைகளில் அரை மணி நேரமாவது, வைத்திருக்க வேண்டும். அளக்க வேண்டியது கரியின் வெப்பநிலை. உலைச் சுவரின் வெப்பமானியை நம்பினால் ஏமாறுவோம்.

தழைச்சத்து இழப்பைத் தடுக்க முடியாதா என்று கேட்பார்கள். 500 டிகிரியில் பாதிக்கு மேல் போய்விடும். மிஞ்சுவதும் கார்பன் வளையங்களுக்குள் சிக்கிப் பயிருக்கு எட்டாமல் இருக்கும். எருவின் தழைச்சத்துதான் வேண்டும், பக்கத்தில் அதை ஏற்கும் நிலமும் இருக்கிறது என்றால், எருவைக் கரியாக்க வேண்டாம். மட்க வைத்துப் போடுவதே நல்லது. எரு மிஞ்சிக் கிடக்கும் இடம், மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே நிறைந்துவிட்டதால் எருவை வெளியூருக்கு அனுப்ப வேண்டிய இடம், மருந்து எச்சம் பற்றிய கவலை உள்ள பண்ணை ஆகிய இடங்களில்தான் கரிக்கு நியாயம் இருக்கிறது. மருந்து எச்சம், ஹார்மோன், நோய்க்கிருமி, கிருமிகளுக்கு மருந்து எதிர்ப்புத்திறன் தரும் மரபணு எல்லாம் இந்த வெப்பத்தில் சிதைந்துவிடுகின்றன. மேய்ச்சல் நிலத்தில் தெளித்த அமினோபைராலிட் போன்ற களைக்கொல்லி மாட்டின் வயிற்றைக் கடந்து எருவிலும் மட்கிலும் உயிரோடிருந்து தக்காளி, அவரைச் செடிகளைச் சுருட்டுவதுண்டு. முழுமையாகச் சுட்ட கரியில் அது மிஞ்சாது.

தார் நாற்றத்துக்கும் பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் என்ற நச்சுச் சேர்மங்களுக்கும் காரணம் பெரும்பாலும் வெப்பநிலை அல்ல. அவை வாயுவில் உருவாகின்றன. உலை குளிரும்போது அந்த வாயு கரியோடு ஒரே இடத்தில் அடைபட்டிருந்தால் கரியின் துளைகளில் போய்ப் படிகிறது. கரி ஓர் உறிஞ்சி. அருகில் எது இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். ஆகவே கரி வெளியே வரும் முனை சூடாகவே இருக்க வேண்டும், வாயு வேறு வழியாக வெளியேற வேண்டும், கடைசிக் கட்டத்தில் நைட்ரஜன் அல்லது நீராவியைச் செலுத்தி எஞ்சிய வாயுவைத் துரத்திய பிறகே குளிரவைக்க வேண்டும். இந்த ஒழுங்கு இருந்தால், 16 நச்சு ஹைட்ரோகார்பன்களின் கூட்டளவுக்கு ஐரோப்பியச் சான்றிதழ் வைக்கும் கிலோவுக்கு 6 மில்லிகிராம் என்ற வரம்பு கடினமானதல்ல. மூடிவைத்துத் தானாக ஆறட்டும் என்று விடும் பீப்பாய் உலையில்தான் இந்தச் சிக்கல் வரும். கூம்பு வடிவத் திறந்த உலை உலர்ந்த சுள்ளிகளுக்கு அருமையானது. ஈர எருவைப் போட்டால் அது வெறும் புகைமூட்டம்.

வெளிவரும் வாயுவை எரித்தே ஆக வேண்டும். மரத்தின் வாயுவைவிட எருவின் வாயு மோசமானது: புரதத்திலிருந்து அம்மோனியாவும் ஹைட்ரஜன் சயனைடும், கந்தகத்திலிருந்து ஹைட்ரஜன் சல்பைடும், உப்பிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடும் வரும். மூடிய இடத்தில் இதைக் கசியவிடுவது உயிருக்கே ஆபத்து. 850 டிகிரியில் குறைந்தது 2 விநாடி எரிய வேண்டும் என்பது கழிவு எரிப்புக்கான ஐரோப்பிய விதி. எருவாயுவுக்கும் அது நல்ல அளவுகோல். முதல் கட்டத்தில் காற்றைக் குறைத்தும் இரண்டாம் கட்டத்தில் கூட்டியும் எரித்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறையும். எரிந்த புகை 450-இலிருந்து 200 டிகிரிவரை மெதுவாகக் குளிர்ந்தால் குளோரினோடு சேர்ந்து டயாக்சின் என்ற கொடிய நச்சு உருவாக வாய்ப்புண்டு; அந்த இடைவெளியை வேகமாகக் கடக்கவைக்க வேண்டும், பிறகு கார நீரில் கழுவ வேண்டும். எருவைப் பிழிந்தபோதே குளோரைடை வெளியேற்றியதன் பலன் இங்கேயும் கிடைக்கிறது. புகைக்குழாயில் படியும் நுண்சாம்பலைக் கரியில் கலந்துவிடக் கூடாது. ஆவியான காட்மியமும் ஈயமும் அதில்தான் இருக்கும்.

சுத்தப்படுத்தும் வழியாகப் பலர் முதலில் நினைப்பது கரியைக் கழுவுவது. அமிலத்தில் கழுவினால் சாம்பல் குறைந்து நுண்துளைகள் திறக்கும். நீரை வடிகட்டும் உறிஞ்சியாகப் பயன்படுத்துவதற்கு அது சரி. மண்ணில் போடுவதற்கு அப்படிச் செய்தால் மணிச்சத்தையும் சாம்பல் சத்தையும் கழுவி ஊற்றிவிட்டுச் சக்கையை வைத்துக்கொள்வதாகும். உப்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் வெறும் நீரில் அலசினால் போதும். பொட்டாசியம் நிறைந்த அந்த அலசல் நீரையும் உரமாகப் பயன்படுத்த வேண்டும்.

அதைவிட நல்ல வழி கலப்பது. எருவோடு மரத்தூள் அல்லது வைக்கோலைச் சேர்த்துச் சுட்டால் சாம்பலும் உலோகமும் நீர்த்துப்போகின்றன, கார்பன் கூடுகிறது, உலைக்குப் போகும் ஈரமும் குறைகிறது. எருவின் பொட்டாசியம் உடன் சுடப்படும் மரத்திலிருந்து அதிகக் கரி உருவாகவும் தூண்டுகிறது. பாதிக்குப் பாதி மரம் சேர்த்தால் முன்பு 44 விழுக்காடாக இருந்த சாம்பல் 30-க்குக் கீழே வந்துவிடும். ஆனால் சாயம் பூசிய மரமோ மருந்தேற்றிய பலகையோ சேர்ந்தால் எல்லாம் வீண். சுண்ணாம்போ மெக்னீசியச் சேர்மமோ கலந்து சுடுவதும் உண்டு. அது மணிச்சத்தை மெதுவாகக் கரையும் வடிவத்தில் நிறுத்தி உலோகத்தையும் கட்டிப்போடும். ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த முட்டைக்கோழி எருவுக்கு அது தேவையில்லை.

உலர்த்தாமலே கரியாக்கும் முறை ஒன்று இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அழுத்தக் கலனில் 180 முதல் 250 டிகிரியில் நீரோடு சேர்த்தே வேகவைப்பது அது. ஈரக் கழிவுக்குப் பொருத்தமானதுதான். ஆனால் அதில் கிடைப்பது வேறு பொருள்: உறுதி குறைவு, முளைப்பைத் தடுக்கும் சேர்மங்கள் அதில் ஒட்டியிருக்கும், கூடவே சுத்திகரிக்க வேண்டிய கழிவுநீரும் வரும். எரிபொருளாக்கலாம், மண்ணில் போட உயிர்க்கரி என்ற பெயரில் விற்பதை நான் ஏற்கமாட்டேன்.

புதுக்கரி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் இயல்புடையது. நீர் தெளித்து 30 விழுக்காடு ஈரத்தில் வைத்தால் அந்த ஆபத்தும் தூசியும் குறையும். ஆய்வகத்தில் பார்க்க வேண்டியவை கரிம கார்பன், ஹைட்ரஜன் விகிதம், சாம்பல், மொத்த மணிச்சத்து, பிஎச், மின்கடத்துதிறன், கன உலோகம், நச்சு ஹைட்ரோகார்பன்கள். பண்ணையிலேயே செய்யக்கூடியது முளைப்புச் சோதனை: கரி கலந்த மண்ணிலும் கலக்காத மண்ணிலும் கீரை விதையைத் தூவிப் பார்த்தால் உப்பும் தாரும் மிகுந்திருந்தால் ஒரு வாரத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

பிஎச் 9-லிருந்து 11 வரை இருப்பதால் அமில மண்ணுக்கு எருக்கரி மருந்து. கார மண்ணில், உவர் மண்ணில் அதைப் போடுவது கெடுதல். போடும் அளவைக் கார்பனை வைத்தோ, மரக்கரிக்குச் சொல்லப்படும் ஹெக்டேருக்கு 10, 20 டன் என்ற பரிந்துரையை வைத்தோ கணக்கிடக் கூடாது. கரியில் 3 விழுக்காடு மணிச்சத்து இருந்தால் 10 டன்னில் 300 கிலோ போய்விடுகிறது. எந்தப் பயிரும் ஒரு பருவத்தில் அவ்வளவு எடுப்பதில்லை. பயிர் எடுக்கும் மணிச்சத்தின் அளவுக்கு ஏற்ப ஹெக்டேருக்குச் சில நூறு கிலோ கரி மட்டும் போட்டு, தழைச்சத்தை வேறு வழியில் கொடுக்க வேண்டும். பிழிந்தெடுத்த நீரிலோ மட்கிலோ கரியை ஊறவைத்துப் போட்டால் அந்தத் தேவையின் ஒரு பகுதி பண்ணைக்குள்ளேயே தீரும். தீவனக் கலவை மாறினாலோ கூளம் மாறினாலோ பழைய ஆய்வறிக்கை செல்லாது, புதிதாக மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும்.